துருப்பிடித்த சைலன்சர் நட்டு: எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் நடு சைலன்சரை வீட்டிலேயே மாற்ற இறங்கியிருக்கிறீர்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால், இரண்டு குழாய்களை இணைக்கும் விளிம்புத் தகடான ஃபிளாஞ்சில் இரண்டு நட்டு. ஒன்று மூலை மழுங்கி ஸ்பானருக்குப் பிடி கொடுக்கவில்லை, இன்னொன்று அசையவே இல்லை. என்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டிலும் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) லேசாகப் புகை கசிகிறது, அதையும் இதோடு மாற்றிவிடலாம் என்று எண்ணம். ஸ்பானர் நுனியில் நீளமான இரும்புக் குழாயை மாட்டி இழுத்தால் வந்துவிடுமா என்று கேட்கிறீர்கள்.

வரும். முழு நட்டு வருமா, பாதி போல்ட் வருமா என்பதுதான் தெரியாது.

குழாயைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஒரு கணக்கு பாருங்கள். இந்த இடங்களில் பெரும்பாலும் எம்8 அல்லது எம்10 அளவு (8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்தான் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண 8.8 வலிமை ரக எம்8 போல்ட்டை இறுக்கும் முறுக்குவிசையே ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் 49 நியூட்டன் மீட்டர் வந்துவிடுகிறது. அதாவது, முக்கி இழுக்காமல் சும்மா சாய்ந்தாலே இருமடங்கு. வருடக்கணக்கில் சூடேறி, துரு தின்று மெலிந்துபோன போல்ட் இதைத் தாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கையில் பலம் போதவில்லை என்பது இந்த வேலையில் பிரச்சினையே அல்ல. பலம் அதிகமாகிவிடுவதுதான் பிரச்சினை.

எனவே எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்பும், காருக்கடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது உடைந்தால் என்ன ஆகும்?

ஃபிளாஞ்சின் இரண்டு பக்கமும் துளை, நடுவில் போல்ட், மறுபக்கம் நட்டு என்று இருந்தால், உடைந்தால் ஒன்றும் ஆகாது. தட்டி வெளியே தள்ளிவிட்டுப் புது போல்ட் போடப் போகிறீர்கள். சொல்லப்போனால், அதைக் கழற்ற முயல்வதே வீண். மாறாக, என்ஜின் ஹெட்டிலோ (என்ஜினின் மேல்பாகம்) மேனிஃபோல்டின் வார்ப்பிலோ மரை போட்டு இறங்கியிருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) என்றால், அது உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலை இரண்டு வார வேலையாகிவிடும். உங்கள் கேள்வியில் இரண்டு வகையும் கலந்திருக்கிறது. பின்னால் இருப்பது உடைக்கக்கூடிய வகை, முன்னால் மேனிஃபோல்டில் இருப்பது உடைக்கக் கூடாத வகை. இரண்டிலும் ஒரே மாதிரி போராடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உடைக்கக் கூடியதில் மூன்று மணி நேரம் பொறுமை காட்டிக் களைத்துப் போய், கடைசியில் அந்த எரிச்சலையெல்லாம் உடைக்கக் கூடாததில் காட்டிவிடுவோம்.

நான் அப்படித்தான் காட்டினேன். என் பழைய காரில் மேனிஃபோல்டின் கடைசி ஸ்டட், ஹெட்டின் மட்டத்தோடு மட்டமாக முறிந்தது. அதை எடுக்கப் போய் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பாதுகாப்பு. ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்பதற்கு அல்ல. சமதளத்தில் ஸ்டாண்டு வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, காரைக் கையால் நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். இறுகிய நட்டோடு மல்லுக்கட்டும்போது காரையும் சேர்த்து ஆட்டுவீர்கள் என்பதை மறக்காதீர்கள். பக்கவாட்டையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், மேலே பார்த்துப் படுத்திருப்பவரின் கண்ணில்தான் துரு நேராக விழும்.

இது ஏன் இப்படி இறுகுகிறது என்று தெரிந்தால் எந்த வைத்தியம் எதற்கு என்று புரியும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. மரைக்கும் மரைக்கும் நடுவில் இருக்கும் முடியிழை இடைவெளியில் அந்தத் துரு வளர இடமில்லை, ஆகவே ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிக்கொள்கிறது. மேனிஃபோல்டு பக்கம் இதோடு வெப்பமும் சேர்ந்துகொள்ளும். 40 சென்டிமீட்டர் நீள வார்ப்பிரும்பு 600 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டர் அளவு நீளும். அது பற்றியிருக்கும் ஹெட்டைத் தண்ணீர் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் அது அவ்வளவு நீளாது. இந்த இழுபறியை அதிகம் வாங்குவது இரண்டு ஓரத்திலும் உள்ள ஸ்டட்கள். முறிந்த ஸ்டட் என்று யார் சொன்னாலும் அது பெரும்பாலும் ஓரத்து ஸ்டடாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, இனி உங்கள் மழுங்கிய நட்டுக்கு வருவோம். அது உடைக்கக்கூடிய வகை. நட்டின் தட்டையான ஒரு பக்கத்தில், போல்ட்டின் நீளவாக்கில், கிரைண்டராலோ ஹேக்ஸா பிளேடாலோ கிட்டத்தட்ட மரை வரைக்கும் வெட்டுங்கள். அந்த வெட்டில் உளியை வைத்து இரண்டு அடி போட்டால் நட்டு வாய் பிளந்துவிடும். இடம் இருந்தால் நட்டை நெருக்கிப் பிளக்கும் நட் ஸ்பிளிட்டர் இன்னும் சுத்தமாக வேலை செய்யும், ஆனால் ஃபிளாஞ்சுக்கும் காரின் அடித்தளத்துக்கும் நடுவில் அது நுழையாத சமயமே அதிகம். கிரைண்டர் எடுத்தால் பொறி எந்தப் பக்கம் பறக்கும் என்று முதலில் பாருங்கள். பெட்ரோல் குழாயும் டேங்கும் அந்தத் திசையில் இருந்தால் கை ரம்பமே நல்லது.

போல்ட்டைத் தட்டி வெளியேற்றும்போது ஒரு எச்சரிக்கை. கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரியான பீங்கான் கட்டி, பல கார்களில். அதன் கூட்டின் மீது சுத்தியல் படக்கூடாது. ஃபிளாஞ்சுக்குப் பின்னால் கனமான இரும்பு ஒன்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டை மட்டும் அடியுங்கள். சில கார்களில் அங்கே இருப்பது போல்ட்டாக இல்லாமல், ஃபிளாஞ்சில் அழுத்தி ஏற்றிய ஸ்டடாக இருக்கும். அதையும் இதே மாதிரி தட்டி எடுத்துவிட்டுச் சாதாரண போல்ட்டும் நட்டும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இணைப்பில் ஸ்பிரிங் வைத்த போல்ட் இருந்தால் அதற்குரிய போல்ட்டையே வாங்குங்கள். அந்த இணைப்பு என்ஜினோடு சேர்ந்து அசைய வேண்டும் என்பதற்காக, போல்ட்டின் நடுவில் ஒரு படி வைத்து, இவ்வளவுக்கு மேல் இறுகாதபடி செய்திருப்பார்கள். சாதாரண போல்ட்டைப் போட்டு இறுக்கினால் கொஞ்ச நாளில் குழாயில் வேறெங்காவது விரிசல் விடும்.

வெட்டும் கருவி இல்லை, மழுங்கிய நட்டைத் திருப்பித்தான் எடுக்க வேண்டும் என்றால், ஒரு அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். எம்8 நட்டுக்கு ஜப்பானிய கார்களில் 12 மில்லிமீட்டர், ஐரோப்பிய கார்களில் 13 மில்லிமீட்டர் சாக்கெட் பொதுவாகப் பொருந்தும். 13 தளர்வாகவும் 12 நுழையாமலும் இருந்தால் அரை அங்குல சாக்கெட்டை முயலுங்கள், அது 12.7 மில்லிமீட்டர். அறுகோண சாக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு மூலை கொண்டது நட்டின் முனையில் மட்டும் பிடிக்கும், துருப்பிடித்த முனை அதற்கு நிற்காது. வாய் திறந்த ஸ்பானரை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம், உங்கள் முதல் நட்டு மழுங்கியதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது உடைக்கக் கூடாதவை. இங்கேதான் அவசரப்படாமல் இருக்க வேண்டும்.

வேலையை முந்தைய நாளே தொடங்குங்கள். வயர் பிரஷ்ஷால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைப் பளபளப்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நட்டு கழன்று வரும்போது அந்த மரையின் மேல்தான் ஊர்ந்து வர வேண்டும். அங்கே துரு மேடு கட்டியிருந்தால், நன்றாகக் கழன்று வந்துகொண்டிருக்கும் நட்டு பாதி வழியில் சிக்கி, ஸ்டடை முறுக்கிவிடும்.

அப்புறம் எண்ணெய். துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெயாக வாங்குங்கள். பலர் நம்பியிருக்கும் நீலமஞ்சள் டப்பா டபிள்யூடி-40 முதலில் தண்ணீரை விரட்டுவதற்காக 1953இல் உருவானது. பெயரின் பொருளே தண்ணீர் விரட்டும் நாற்பதாவது கலவை என்பதுதான். எதுவும் இல்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் இறுகிய ஸ்டடுக்கு அதைவிட நல்ல எண்ணெய்கள் உண்டு. (அதே பெயரில் ஊடுருவும் எண்ணெய் தனியாகவும் வருகிறது, டப்பாவைப் படித்து வாங்குங்கள்.) ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன், வேலை செய்கிறது, ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், நெருப்பு வைக்கப்போகும் இடத்தில் அது வேண்டாம்.

எந்த எண்ணெயானாலும் ஒரே தடவையில் அரை டப்பாவைக் கொட்டுவதில் பயன் இல்லை. சொட்டுச் சொட்டாக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு முழுக்க ஊற விடுங்கள். நடுவில் ஒருமுறை என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு மறுபடி ஊற்றினால் இன்னும் உள்ளே இறங்கும். வாகனக் கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு மட்டும் ஓடவிடாதீர்கள், கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஒவ்வொரு முறை எண்ணெய் விட்ட பிறகும் நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் சில தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழி விடும்.

மறுநாள் திருப்பும்போது முதல் அசைவை இறுக்கும் பக்கம் கொடுங்கள், ஒரு இம்மி. துருவின் பிடி விடுவதற்கு எந்தப் பக்கம் அசைந்தாலும் ஒன்றுதான், அந்த முதல் அசைவுதான் முக்கியம். அது கிடைத்துவிட்டால் கால் சுற்று தளர்த்து, கொஞ்சம் திரும்ப இறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி கால் சுற்று. இப்படியே முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். எந்தப் பக்கம் தளர்த்துவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்திருக்கையில், நட்டு நம்மை விட்டு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தால் திசை தலைகீழாகிவிடும். பத்து நிமிடம் மூச்சைப் பிடித்து நட்டை இறுக்கிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

கை சொல்வதைக் கேட்கப் பழகுவதுதான் இதில் உண்மையான வித்தை. நல்லபடியாக விடும் நட்டு ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு விடும், உடனே கை இலேசாகும். முறியப் போகும் ஸ்டட் சத்தம் போடாது. ரப்பரைத் திருப்புகிற மாதிரி, திரும்புவது போலவும் திரும்பாதது போலவும் மெத்தென்று இருக்கும். கையை விட்டால் ஸ்பானர் கொஞ்சம் பின்னால் வரும். நட்டு வரவில்லை, ஸ்டட்தான் முறுக்கேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று தோன்றும். அந்த ஒரு இழுப்புதான் அதை முறிக்கும்.

நிறுத்திய பிறகு நெருப்பு. எண்ணெயைவிட நெருப்பின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். நட்டைச் சூடாக்க வேண்டும், ஸ்டடை அல்ல. எம்8 நட்டை ஸ்டடைவிட 500 டிகிரி கூடுதலாகச் சூடாக்க முடிந்தால் அதன் துளை 0.05 மில்லிமீட்டர் அளவு விரியும். சிறியதுதான், ஆனால் துரு நிரப்பியிருக்கும் இடைவெளிக்கு அது போதும். கையடக்க கேஸ் டார்ச் சிறிய நட்டுக்குப் போதும், சுற்றிலும் கனமான ஃபிளாஞ்ச் இருந்தால் சூட்டை அது இழுத்துக்கொள்வதால் நேரம் பிடிக்கும். நட்டு மங்கலான சிவப்புக்கு வந்ததும் உடனே சாக்கெட்டைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். வரவில்லை என்றால் சிவப்பு மறைந்ததும் மெழுகுவர்த்தியை மரையில் வைத்துத் தேயுங்கள். உருகிய மெழுகு மரைக்குள் உறிஞ்சிக்கொண்டு போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புகையும், சில நேரம் குபுக்கென்று பற்றவும் செய்யும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டால் பெரும்பாலான நட்டுகள் மனம் மாறிவிடும். சுற்றிலும் வயரும் ரப்பரும் நெருக்கமாக இருந்தால் தீச்சுவாலை இல்லாமல் நட்டை மட்டும் சூடாக்கும் இண்டக்‌ஷன் கருவி கிடைக்குமா என்று பாருங்கள்.

நெருப்போடு மூன்று விஷயங்களில் விளையாடக் கூடாது. ஹெட் அலுமினியமாக இருந்தால் அது சிவக்காது. 660 டிகிரிக்கு முன்பே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உருகத் தொடங்கிவிடும், ஆகவே சுவாலை அதன் மேல் நிற்கக் கூடாது. இரண்டாவது, பிரேக் கிளீனர். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கினாலோ வெல்டிங் வைத்தாலோ பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கொஞ்சம் சுவாசித்தாலும் நுரையீரலைக் கெடுக்கும். நெருப்பு வைக்கப் போகிற இடத்தில் அந்த டப்பாவே இருக்கக் கூடாது. மூன்றாவது, முதல் நாள் ஊற்றிய எண்ணெய். அதைத் துடைத்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நட்டை அடித்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் கன் பற்றிக் கேட்பீர்கள். நீளக் கம்பியைவிட அது நல்லது. தொடர்ந்து முறுக்காமல் படபடவென்று சிறு அடிகளாகக் கொடுப்பதால் துரு உதிர்கிறது. குறைந்த வேகத்தில் வைத்து, இறுக்கும் பக்கம் ஒரு நொடி, தளர்த்தும் பக்கம் ஒரு நொடி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். முழு வேகத்தில் வைத்தால் குழாய்க்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

மேனிஃபோல்டு நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துங்கள், பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. சில நேரம் நட்டு வராமல் ஸ்டட்டே நட்டோடு சேர்ந்து ஹெட்டிலிருந்து கழன்று வரும். பயப்பட வேண்டாம், அது நல்ல சகுனம். புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் முறிந்தால்? வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் பாதிக் கவலை இல்லை. வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) இறுகக் கவ்வித் திருப்பலாம். மரை நன்றாக இருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று மோதும்படி இறுக்கி, உள்பக்க நட்டைத் தளர்த்தும் பக்கம் திருப்பலாம். மட்டத்தோடு முறிந்திருந்தால் மிகச் சிறந்த வழி, அதன் மேல் ஒரு நட்டை வைத்துத் துளைக்குள் வெல்டிங் வைப்பது. பிடி கிடைப்பது மட்டுமல்ல, வெல்டிங்கின் சூடு ஸ்டடின் உள்வரை போகிறது. விரிய இடமில்லாமல் நசுங்கிய ஸ்டட், ஆறும்போது சுருங்கி மரையின் பிடியை விடுகிறது. அதனால் சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, கதகதப்பாக இருக்கும்போது திருப்புங்கள். முதல் நட்டு பிய்ந்து வந்தால் இன்னொன்று வையுங்கள். நான்காவது ஐந்தாவது முயற்சியில் வருவதெல்லாம் சாதாரணம். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

வெல்டிங் வசதி இல்லையென்றால் நடுவில் பஞ்ச் வைத்து, இடது சுற்று டிரில் பிட்டால் துளையிடுங்கள். அது தளர்த்தும் திசையிலேயே சுற்றுவதால், துளையிடும்போதே ஸ்டட் கழன்று வந்துவிடும் வாய்ப்பு உண்டு. நான் செய்த தவறு இந்த இடத்தில்தான். துளையிட்டுவிட்டு, முறிந்த ஸ்டடைப் பிடித்து எடுப்பதற்கென்று வரும், திருகு மாதிரி இருக்கும் எக்ஸ்ட்ராக்டரை உள்ளே விட்டுத் திருப்பினேன். முறியாத ஸ்டடையே முறித்த கை அல்லவா, எக்ஸ்ட்ராக்டரும் முறிந்தது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கித்தான் போகும். கடைசியில் ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். எண்ணெயும் நெருப்பும் அசைக்காத ஸ்டடை மெல்லிய எக்ஸ்ட்ராக்டர் அசைக்காது. ஆகவே அதைத் தவிர்த்துவிட்டு, ஸ்டடை முழுவதுமாகத் துளையிட்டு எடுங்கள். துளை சரியாக நடுவில் போனால் எம்8க்கு 6.8 மில்லிமீட்டர் வரை துளைத்து, மீதி மரைச் சுருளைக் கிளறி எடுத்து, மரை வெட்டும் கருவியான டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். துளை ஓரம் போய்விட்டால் பெரிதாக்கி, கம்பிச் சுருள் மரை பதிக்க வேண்டியிருக்கும். கை நடுங்கினால் அலுமினிய ஹெட்டில் இதை முயலாமல், இதைத் தொழிலாகச் செய்பவரிடம் விடுவதே செலவு குறைவு.

புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் கழற்ற நேர்ந்தால், அது பெரும்பாலும் 22 மில்லிமீட்டர், வயருக்கு வழி விட்ட சாக்கெட் வேண்டும். கதகதப்பாக இருக்கும்போது எளிதாக வரும். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்களுக்குச் சோப்புத் தண்ணீரோ சிலிகான் ஸ்பிரேயோ போதும்.

திரும்பப் பூட்டும்போது பழைய நட்டு, பழைய போல்ட், பழைய கேஸ்கெட் மூன்றையும் தூக்கிப் போடுங்கள். நைலான் வளையம் வைத்த லாக் நட்டு இங்கே கூடாது, சூட்டில் நைலான் நிற்காது. முழுதும் உலோகமான லாக் நட்டு அல்லது செம்பு பூசிய நட்டு வாங்குங்கள். மரையில் ஆன்டி சீஸ் (மீண்டும் இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) கொஞ்சம் தடவுங்கள். சைலன்சர் பக்கம் செம்பு கலந்தது போதும், மேனிஃபோல்டு பக்கம் நிக்கல் கலந்தது இன்னும் அதிகச் சூடு தாங்கும். சென்சாரின் முனையில் மட்டும் அது படக்கூடாது. ஆன்டி சீஸ் போட்ட மரையில் உராய்வு குறைவு என்பதால், கையேட்டில் உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க் (முறுக்குவிசை) அளவை அப்படியே வைத்தால் போல்ட் கூடுதலாக இழுபடும். கையேடு எந்த நிலைக்கு அளவு சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு, உலர்ந்த மரைக்கான அளவு என்றால் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

கடைசியாக, ஒரு நட்டு வரவில்லை என்பதற்காக மற்றவற்றை மட்டும் பூட்டிவிட்டு ஓட்ட வேண்டாம். மேனிஃபோல்டில் சிறிய இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்றை உள்ளிழுத்து, ஆக்சிஜன் சென்சார் தவறாகப் படித்து, தேவையில்லாமல் பெட்ரோல் அதிகம் போகும். புகை காருக்குள் வருவது அதைவிட மோசம். எல்லாம் பூட்டிய பிறகு, திறந்த வெளியில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, இணைப்புகளின் அருகே ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இரண்டு மூன்று முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த நிலையில் எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது கேஸ்கெட் அமர்ந்துகொள்வதால் ஒன்றிரண்டு கால் சுற்று இடம் கொடுத்திருக்கும்.